மிச்சம் வைக்கக் கூடாத அப்பம்

பிள்ளைகள் போன் செய்து, "அம்மா, உக்காந்துட்டு இருக்கியா?" என்று ஆரம்பித்தால் நம் வயதுக்காரர்கள் முதலில் நாற்காலியைத்தான் தேடுவோம். நீங்களும் தேடியிருப்பீர்கள். போன மாதம் என் மகள் அப்படித்தான் ஆரம்பித்தாள். சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். அவன் வீட்டில் யாரும் சர்ச் வாசலை மிதித்ததில்லை.

"உனக்கு ஓகேவான்னு கேக்கலம்மா. கல்யாணத்துக்கு வருவியான்னு கேக்கறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். "சபையில நாங்க எப்படித் தல நிமிந்து நடக்கறது?" என்று வந்தது. அது என் வாக்கியமே இல்லை. என் அப்பா சொன்னது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று அதைக் கேட்டேன். இத்தனை வருடம் எனக்குள் எங்கே இருந்ததோ, மகள் கேட்டவுடன் வெளியே வந்துவிட்டது. மகள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு வருடம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டாலாவது நிற்குமா என்று பார்க்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தை என் அம்மாதான் செய்து கொடுப்பாள். தை மாதம் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை குவியும்போது அப்பா கூடையோடு வாங்கி வருவார். அம்மா கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் போகும்வரை யாரையும் கிட்டே விட மாட்டாள். பிறகு கையாலேயே பிசைவாள். சர்க்கரை, இரண்டு மூன்று கிராம்பு. பழுப்பும் வெள்ளையுமான பெரிய பீங்கான் ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அந்த நாட்களில் வீடு முழுக்கப் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் என் யூனிஃபார்மில் அது இருக்கும். (அந்த ஜாடி இப்போது இல்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அந்த வீட்டில் தண்ணீர் ஏறியபோது போய்விட்டது. கட்டிலும் போனது. எனக்கு ஜாடிதான் வருத்தம்.)

என் சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆஸ்பத்திரிக் கையுறை செய்கிற பிரிவில் வேலை. ஓட்டை விழுந்து கழிக்கப்பட்ட கையுறைகளை எனக்குக் கொண்டுவருவாள். ஊதிக் கட்டினால் ஐந்து விரலோடு பலூன் ஆகிவிடும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு நட்சத்திரத்தைச் சுற்றி அந்தக் கைகள்தான் தொங்கும். கையுறை ஒட்டாமல் இருக்கப் போடும் வெள்ளைப் பவுடர் சித்தியின் நகக்கண்களில் எப்போதும் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

அந்தத் தை மாதம், ஜாடி கட்டிலுக்கு அடியில் போன அதே வாரத்தில், சித்தி ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அதே கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர். பொழிச்சலூர்க்காரர்; சித்தியும் அங்கேயே குடி போனாள். முருக பக்தர், ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போடுகிற குடும்பம். நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடத் தொடங்கினேன். வீட்டில் அப்பா மட்டும் அவரை எந்தப் பெயரிலும் குறிப்பிடுவதில்லை.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். சபைக் கமிட்டியிலும் இருந்தார். வேறு மதத்தில், சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவர்களை எங்கள் சபையில் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பார்கள். ஆராதனைக்கு வரலாம், பாடலாம், காணிக்கை போடலாம். அப்பமும் ரசமும் மட்டும் கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் நின்று சபையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சித்தியின் விஷயம் கமிட்டிக்கு வந்தபோது விலக்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியது என் அப்பா.

"என் மச்சினிங்கிறதுக்காக சட்டத்த மாத்த முடியுமா?" என்றார் வீட்டுக்கு வந்து.

சித்தி அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "நான் யார்கிட்டயும் திருடல அத்தான். பொய் சொல்லல. எதுக்குன்னு மன்னிப்பு கேக்கறது?"

"அப்ப அந்த ஆள ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லு."

"எனக்காக எடுத்தா அது அவரோட விசுவாசமா, கல்யாணச் செலவா?"

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. சித்தியைச் சித்தப்பா மொபெட்டில் கொண்டுவந்து சர்ச் வாசலில் விடுவார். ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் வெளியே வந்ததும் கேட்பார்: "இன்னா பாப்பா, இன்னிக்கு உங்க ஐயரு பிரசங்கம் ரொம்ப நீளமா பூட்ச்சா? நான் மூணு டீ குட்ச்சிட்டேன்." ஐயர் என்றது எங்கள் போதகரை. பெஞ்சில் எனக்கென்று ஒரு தேங்காய் பன் காத்திருக்கும்.

அந்த முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு எல்லாரும் வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரத்தடுப்பில் மண்டியிட்டார்கள். சித்தி பெஞ்சிலேயே இருந்தாள். பக்கத்தில் அம்மாவும் எழுந்திருக்கவில்லை. அவள் பிசைந்து, அவள் கட்டி, அவள் வடித்துக் கொடுத்த ரசம் கிண்ணத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா காலையில் காபி குடித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். திருவிருந்துக்கு முன் வெறும் வயிற்றோடுதான் இருக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அடுத்த மாதம் கவனித்துப் பார்த்தேன். அம்மா எனக்கு இட்லி வைத்தாள், அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பட்டினியோடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, பட்டினியோடு வீட்டுக்குப் போனாள். எனக்குப் புரியவில்லை.

பெண்கள் சங்கத்துச் செயலாளரம்மாவுக்கும் புரியவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சத்தமாகவே கேட்டார்: "என்ன, ரசம் மட்டும் பண்ணித் தர்றீங்க, நீங்க குடிக்க மாட்டேங்கறீங்க? உள்ள ஏதாவது போட்டுட்டீங்களோ?"

"நீங்க குடிச்சிட்டு நல்லாத்தானே இருக்கீங்கக்கா" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம்தான் சமையலறை ஜன்னல். நான் வெளியே மருதாணிச் செடியில் இலை பறித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா குரலை அடக்கித்தான் பேசினார். "நீ ஏன் எழுந்து வர மாட்டேங்கற? ஊரே பாக்குது."

"பந்தியில என் தங்கச்சிய எழுப்பி விட்டுட்டாங்க. பக்கத்து எலயில நான் எப்படிங்க சாப்பிடறது?"

"சபையில நான் எப்படித் தல நிமிந்து நடக்கறது? அத விடு. நமக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்கு அவள யாரு வந்து கேப்பா?"

பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வந்தது. நான் பறித்த இலைகளைக் கீழே போட்டுவிட்டேன். எல்லாம் என்னால்தான் என்று தோன்றியது. அப்பாவுக்கு அன்று கோபம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். போன மாதம், போன் காதில் இருக்கும்போதுதான் தெரிந்தது, அது கோபமில்லை, பயம்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் வந்த திருவிருந்து ஞாயிறு. திடப்படுத்தல் என்ற சடங்கு ஆகாத சின்னப் பிள்ளைகளுக்கு அப்பம் கிடையாது. ஆனால் நாங்களும் தடுப்பு வரைக்கும் போகலாம். கையைக் கட்டித் தலையைக் குனிந்துகொண்டால் போதகர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் போவார். என் கணக்கு எளிமையானது. சித்திக்கும் அப்பம் இல்லை, எனக்கும் இல்லை. அப்படியென்றால் சித்தி எங்கள் கட்சி.

"வா சித்தி. அப்பம் தர மாட்டாங்க. தலையில கை வெப்பாங்க. வலிக்காது."

சித்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடே எழுந்து வந்தாள். பிள்ளைகளுக்கு நடுவே மண்டியிட்டு என்னைப் போலவே கையைக் கட்டிக்கொண்டாள். போதகர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வந்தார். என் தலையில் கை வைத்தார். அடுத்தது சித்தி. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் பார்வை வரிசையின் மறுமுனையில் மண்டியிட்டிருந்த என் அப்பாவிடம் போய்த் திரும்பியது. பிறகு சித்தியின் தலையில் கை வைத்தார். மற்றவர்களுக்கு வைத்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

அது பெரிய விஷயமாகிவிட்டது. விலக்கப்பட்டவர்கள் தடுப்பு வரைக்கும் வரலாமா என்று கமிட்டியில் கேள்வி. வரக்கூடாது என்று முடிவு. போதகர் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லையாம். ஒல்லியான மனிதர், சைக்கிளில் போய் வருவார், அந்த மே மாதத்தோடு வேறு ஊருக்கு மாற்றல். "முதுகெலும்பே இல்லாத ஆளு" என்று எல்லாருமே சொன்னார்கள். அம்மாகூடச் சொன்னாள்.

கமிட்டி முடிவைச் சித்தியிடம் சொல்ல வேண்டிய வேலையும் அம்மாவுக்குத்தான் வந்தது. அதோடு சித்தி வருவதை நிறுத்திவிட்டாள். மொபெட் வரவில்லை, தேங்காய் பன் வரவில்லை. குருத்தோலை ஞாயிறன்று நான் அவளுக்கென்று ஓர் ஓலைச் சிலுவை மடித்து வைத்திருந்தேன். அது என் பாடப் புத்தகத்துக்குள்ளேயே காய்ந்தது. ஈஸ்டரும் அவள் இல்லாமல் போனது. அம்மா சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பொழிச்சலூர் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வருவாள். அப்பா எங்கே போனாய் என்று கேட்க மாட்டார். கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஒருநாள் அம்மா திரும்பி வந்ததும், "இனிமே அவ எந்தச் சர்ச்சுக்கும் போறதா இல்லையாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பா பேப்பரை மடித்தார், விரித்தார்.

ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். அம்மா அப்போதே பொழிச்சலூர் போய்விட்டிருந்தாள். போதகர் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கையில் சிறிய கறுப்புப் பெட்டி. வியாதிக்காரர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கப் போகும்போது அந்தப் பெட்டியைத்தான் எடுத்துப் போவார். உள்ளே சின்ன வெள்ளிக் கிண்ணம், சின்னத் தட்டு, அம்மாவின் ரசம் ஒரு மருந்துப் பாட்டிலில்.

"சார், ஒரு வியாதிக்காரங்களப் பாக்கணும். கொஞ்சம் தூரம். வண்டி எடுக்கறீங்களா? பாப்பாவும் வரட்டும், பாட்டுப் பாட ஆள் வேணும்."

கமிட்டிக்காரர்கள் அப்படிக் கொண்டுபோய் விடுவது வழக்கம்தான். நான் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டேன். போதகர் பின்னால், பெட்டி மடியில். பல்லாவரம் வந்ததும் அப்பா கேட்டார்: "எந்தப் பக்கம் ஐயா?"

"பம்மல் தாண்டிப் போகணும் சார். பொழிச்சலூர்."

என் தோளை உரசிக்கொண்டிருந்த அப்பாவின் கைகள் இறுகின. வண்டி மெதுவானது. நின்றுவிடும் என்றே நினைத்தேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அப்பா பம்மல் பக்கம் திருப்பினார்.

சித்தி வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டார். "நீங்க போங்க ஐயா. நான் வண்டியப் பாத்துக்கறேன்." அந்தத் தெருவில் ஒரு கோழியையும் ஒரு குழாயடியையும் தவிர யாருமில்லை.

உள்ளே ஒரே அறை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு எழுந்து நின்றாள். சித்தப்பா லுங்கியோடு இருந்தவர் அவசரமாகச் சட்டையை மாட்டினார். "வாங்க சார்... சாமி... இன்னான்னு கூப்பட்றதுன்னே தெர்ல சார்."

"சார்னே கூப்பிடுங்க" என்றார் போதகர். பிறகு சித்தியைப் பார்த்தார். "உனக்கு ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்மா."

"எனக்கா? நல்லாத்தானே ஐயா இருக்கேன்."

"இல்ல. சரியில்ல."

"ஒரு தலவலிகூட இல்லைங்களே."

"சர்ச்சுக்கு வரமுடியாம வீட்டுல இருக்கறவங்களுக்கு நான் கொண்டுவந்து கொடுக்கலாம். அதுக்குக் கமிட்டியக் கேக்க வேண்டியதில்ல. நீ வரமுடியாமத்தானே இருக்க?"

சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமாங்கய்யா. வரமுடியலைங்கய்யா" என்றாள்.

மேஜை இல்லை. தையல் மெஷினை மூடி, அதை நடுவில் இழுத்துப் போட்டார்கள். மேலே விரிக்க வெள்ளைத் துணி தேடினார்கள். சித்தப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு வேட்டியை எடுத்து நீட்டினார். "கல்யாணத்துக்கு எடுத்தது சார். ஒரு வாட்டிதான் கட்னேன். ஆவுமா?"

"இதுக்கு மேல என்ன வேணும்?"

மெஷினுக்கு நேர் மேலே முருகன் படம் போட்ட காலண்டர். சித்தப்பா அதையே பார்த்துத் தயங்கினார். "கழட்டி வெச்சிடவா சார்?"

"இருக்கட்டும். தேதி பாக்க வேணும்ல."

நான் பாடினேன். ஞாயிறு பள்ளியில் கற்ற பாட்டு, இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டேன். போதகர் அப்பத்தை எடுத்து ஜெபிக்க ஆரம்பித்த சமயம் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஒன்று வீட்டுக் கூரையை உரசுவதுபோல் போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவர் அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடியே சத்தம் ஓயும்வரை நின்றார். நாங்களும் நின்றோம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

முதலில் தான் வாங்கினார். பிறகு சித்தி சிமென்ட் தரையில் மண்டியிட்டு, இடது கையின் மேல் வலது கையை வைத்து நீட்டினாள். நகக்கண்களில் வெள்ளைப் பவுடர். அப்பம் அந்தக் கையில் விழுந்தது. பக்கத்தில் அம்மா. அரிசித் தவிடு ஒட்டிய கை. மாதாமாதம் திருவிருந்தன்று பட்டினி கிடந்தவள், அன்று பார்த்துச் சாப்பிட்டிருந்தாள். அதை அவள் பொருட்படுத்தவில்லை. அடுத்தது நான். நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தலையக் குனிஞ்சிக்கோங்க சித்தப்பா. கை மட்டும்தான் வெப்பாரு." அவர் நான் சொன்னபடி மண்டியிட்டார். போதகர் ஒரு கையை என் தலையிலும் ஒரு கையை அவர் தலையிலும் வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

போதகர் தட்டைப் பார்த்தார். அதில் இன்னும் ஓர் அப்பம் இருந்தது. கிண்ணத்திலும் ஒரு வாய் ரசம்.

வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்: "சார்! ஒண்ணு கூடிப்போச்சு. ஜெபிச்ச அப்பத்த மிச்சம் வைக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும்ல. உள்ள வாங்க."

தெருக்குழாயில் தண்ணீர் சொட்டி விழும் சத்தம் கேட்டது. அம்மா தலையைத் தூக்கவில்லை. சித்தி கண்ணை மூடியபடியே இருந்தாள். பிறகு வாசலில் செருப்பு கழலும் சத்தம். அப்பா குனிந்து உள்ளே வந்தார், அந்த நிலைப்படி தாழ்வு. மெஷினையும் வேட்டியையும் காலண்டரையும் பார்த்தார். இடம் இருந்தது சித்தப்பாவுக்குப் பக்கத்தில்தான். அங்கே மண்டியிட்டுக் கையை நீட்டினார். கிண்ணத்தில் மிச்சமிருந்த அம்மாவின் ரசத்தையும் குடித்தார்.

எழுந்ததும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சித்தப்பாதான் காப்பாற்றினார். "உக்காருங்க அண்ணா. டீ போட்றேன்."

"சக்கர கம்மியா" என்றார் அப்பா. அவர் சித்தப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கமிட்டியின் முடிவை யாரும் ரத்து செய்யவில்லை. மே மாதம் போதகர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் அப்பா. ஜூன் மாதத் திருவிருந்துக்கு மொபெட் மறுபடி வந்தது. சித்தி எழுந்து போனாள், அம்மா கூடப் போனாள். செயலாளரம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய அப்பத்தைப் போதகரே சாப்பிட்டுவிடலாம் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்படிச் செய்வதுதான் முறையும்கூட. அந்த ஒல்லி மனிதர் வேண்டுமென்றே ஒன்று கூடுதலாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டதாக அப்போது சந்தோஷப்பட்டேன். அப்பா போன பிறகு இன்னொன்றும் தோன்றியது. வருடக்கணக்காகக் கமிட்டியில் இருந்தவர், பீடத்துக்குப் பக்கத்தில் நின்று தட்டு எடுத்துக் கொடுத்தவர். அந்த முறை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. "நீங்களே எடுத்துக்கோங்க ஐயா" என்று தெருவிலிருந்தே சொல்லியிருக்கலாம். தெரிந்துதான் செருப்பைக் கழற்றினார்.

இதை எழுதி முடித்தும் அந்த வருடம் மனதில் ஓடுவது நிற்கவில்லை. நேற்று மகளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழம பிரியாணி செய்யறேன்" என்றேன். "உங்கப்பாவும் நானும் எவ்ளோதான் சாப்பிடுவோம்? மிச்சமாயிடும். வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"போங்கன்னா?"

"ரெண்டு பேரும்."

"அம்மா, இன்னிக்கு வியாழக்கிழம. நீ இன்னும் அரிசியே ஊற வெக்கல. அதுக்குள்ள எப்படிம்மா மிச்சம்?"

"மிச்சமாயிடும்னு சொல்றேன்ல" என்றேன்.